இடைவேளை வரை

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. ஆபீஸ் விடுமுறை. ஸ்கூட்டரைக் கழுவிப் பொட்டு வைத்துவிட்டு, சரித்திர நாவலின் மூன்றாம் பாகத்தை முடித்தேன். இன்னும் இரண்டு பாகம் பாக்கி என்று நினைத்தாலே கை கால் ஓய்ந்துபோகிறது. இளவரசி இந்த ஒரு பாகத்தில் மட்டும் முப்பத்தொரு முறை புன்முறுவல் பூக்கிறாள். பென்சிலால் கோடு போட்டு எண்ணினேன். எதிரி கோட்டைக்குத் தீ வைக்கிறான், அதற்கும் புன்முறுவல். முன்பக்கத்தில் மூன்று பேர் அணிந்துரை. அதில் ஒருவர் கதாநாயகனின் பெயரையே மாற்றி எழுதியிருக்கிறார். நூற்றுக்கு இருபத்தெட்டு மார்க் போட்டேன். அதுவும் தாள் நல்ல தாள் என்பதற்காக.

அமுதாவும் இரண்டாம் பாகத்தைப் படித்துக்கொண்டிருக்கிறாள். எப்படி இருக்கிறது என்று கேட்டேன். “எனக்கென்னங்க தெரியும், நீங்க சொன்னாச் சரிதான்” என்றாள். கல்யாணமாகி இருபத்திரண்டு வருடமாக இதே பதில்தான். மனைவிக்குச் சொந்தமாக ஒரு கருத்தும் இல்லாதது ஒருவகையில் வசதி. வீட்டில் விவாதம் கிடையாது.

சுண்டலில் உப்பு தூக்கல். சொன்னேன். சரி என்றாள்.

அக்டோபர் 3, வெள்ளி

பெரிய நடிகரின் படம் வெளியானது. பாலிடெக்னிக் ஆபீஸில் சூப்பரின்டெண்டென்ட் என்ற முறையில் எனக்கு மாதம் இரண்டு பெர்மிஷன் உண்டு. இரண்டையும் வெள்ளிக்கிழமை ஒன்பது மணிக் காட்சிக்குத்தான் எடுப்பேன்.

படத்தில் நாற்பது பேர் வானத்தில் பறக்கிறார்கள். தரையில் நடப்பவர்கள் இரண்டே பேர், ஒருவர் கதாநாயகன், இன்னொருவர் டீக்கடைக்காரர். இடைவேளையில் வெளியே வந்ததும் ஹேமா மைக்கை நீட்டினாள். சினிமா சேனலுக்காக மதுரைத் தியேட்டர்களில் கருத்துக் கேட்கிற பெண். “சார், ஃபர்ஸ்ட் ஹாஃப் எப்படி சார்?” என்றாள். “தியேட்டர்ல ஏசி நல்லா இருக்கும்மா. படத்துல அவ்வளவுதான் இருக்கு” என்றேன். சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். சாயங்காலத்துக்குள் அந்தத் துண்டு வீடியோவை எண்பதாயிரம் பேர் பார்த்துவிட்டார்கள்.

ஒரு படத்தைப் பற்றி முதல் பாதியில் தெரியாதது இரண்டாம் பாதியில் தெரியப்போவதில்லை. முப்பது வருட அனுபவத்தில் சொல்கிறேன். இருந்தாலும் முறை என்று ஒன்று இருக்கிறதே, கருத்துச் சொல்லிவிட்டு மறுபடி உள்ளே போய் முழுக்கப் பார்த்துவிட்டுத்தான் ஆபீஸ் போவேன். மற்றவர்களைப் போல அரைகுறை ஆள் இல்லை நான்.

அக்டோபர் 6, திங்கள்

பரிதி போன் செய்தான். அமுதாவின் தம்பி இளம்பரிதி. பதினைந்து வருடமாகச் சென்னையில் உதவி இயக்குநர். ஒருவழியாக அவனை நம்பியும் ஒருவர் படம் எடுத்துவிட்டார். வருகிற வெள்ளி வெளியீடு. படத்தின் பெயர் ‘தண்ணி லாரி’. பெயர் வைப்பதற்கே தனியாக ஒரு ஆள் வைத்திருக்கலாம்.

“மாமா, பத்து நாள்ல தீவாளிக்குப் பெரிய படம் வந்துரும். அதுக்குள்ள ஜனங்க வாய்வார்த்தையா பேசினாத்தான் தியேட்டர்ல வச்சிருப்பாய்ங்க. நீங்க முழுசாப் பாத்துட்டு மனசுல பட்டதச் சொல்லுங்க” என்றான்.

“என் மனசுல படுறதத்தான மாப்ள சொல்வேன்? மச்சினன் படம்ங்கிறதுக்காக மாத்திச் சொல்ல முடியாதுல்ல?”

“அதான் மாமா கேக்குறேன்” என்றான். சிபாரிசு கேட்கிறான் என்று நினைத்தேன். எனக்கு அந்தப் பழக்கம் கிடையாது.

நானும் ஒரு காலத்தில் கதை சொல்ல சென்னைக்குப் போனவன்தான். பதினொரு மாதத்தில் ஊர் திரும்பிவிட்டேன். அங்கே இருப்பவர்களின் தரம் ஒத்துவரவில்லை. அவ்வளவுதான் விஷயம். இதை ஏன் இன்று எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

அக்டோபர் 7, செவ்வாய்

கேஸ் புக் செய்தேன். மிக்ஸி ஜாரின் பிளேடு மழுங்கிவிட்டது. நான்காம் பாகம் தொடங்கினேன். முதல் பக்கத்திலேயே புன்முறுவல்.

அக்டோபர் 9, வியாழன்

நாளைக்கு அரை நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். அமுதா ஐந்து முறை கேட்டுவிட்டாள், லீவு போட்டாயிற்றா என்று. அவளும் திருமங்கலத்தில் இருக்கும் அவளுடைய அக்கா தமிழரசியும் ஞாயிற்றுக்கிழமை மதியக் காட்சிக்குப் போகிறார்களாம். கூட்டமாகப் போய்ப் பார்ப்பது படம் பார்ப்பதாகாது. நான் தனியாகத்தான் பார்ப்பேன்.

“நல்லா இருந்தா நல்லா இருக்குன்னு சொல்லுவீங்கல்ல?” என்றாள் அமுதா. வழக்கமாக அவள் இப்படியெல்லாம் கேட்கிற ஆள் இல்லை.

“இருந்தா சொல்ல மாட்டேனா?” என்றேன்.

அக்டோபர் 10, வெள்ளி

ஒன்பது மணிக் காட்சி. பாதி அரங்கு நிறைந்திருந்தது.

முதல் பாதி முழுக்க ஒரு லாரி. ஓட்டுபவன் பேசமாட்டான். லாரி போகிறது, நிற்கிறது, குடங்கள் நிறைகின்றன, மறுபடி போகிறது. ஒரே தெருவுக்கு நான்கு முறை போகிறது. நான் கடிகாரத்தைப் பதினோரு முறை பார்த்தேன். பக்கத்து இருக்கைக்காரர் ஒரு முறைகூடப் பார்க்கவில்லை, தூங்கியிருப்பார்.

இடைவேளையில் ஹேமா எனக்காகவே காத்திருந்தாள். நல்ல கூட்டம் சேர்ந்துவிட்டது.

“சார், எப்படி சார் படம்?”

“படம் எங்கம்மா? நான் ஒரு மணி நேரமா தண்ணி லாரி பின்னால மாட்டிக்கிட்டுல்ல கெடந்தேன்! ஒரே தெருவுக்கு நாலு தடவ போறான். டைரக்டருக்கு மதுரையில வேற தெருவே கெடைக்கலையா? இத எழுதினவருக்குச் சொல்றதுக்கு ஒண்ணும் இல்ல. அதான் டேங்கரத் தொறந்து விட்டுட்டாரு.”

சிரிப்பு அடங்க வெகுநேரமானது. ஒருவர் இன்னொரு தடவை சொல்லச் சொன்னார், சொன்னேன். இரண்டாம் தடவை இன்னும் நன்றாக வந்தது.

அப்போதுதான் கூட்டத்துக்குப் பின்னால் பாப்கார்ன் கடை ஓரமாகப் பரிதி நிற்பதைப் பார்த்தேன். சென்னையில் இருப்பான் என்றுதான் நினைத்திருந்தேன். ஜனங்களின் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று ராத்திரி பஸ் பிடித்து வந்திருக்கிறான். சட்டை கசங்கியிருந்தது. என்னைப் பார்த்துச் சிரித்தான்.

“வாங்க மாமா. டீ குடிச்சீங்களா?” என்றான்.

“ஆச்சு” என்றேன். குடிக்கவில்லை.

மணி அடித்தது. எல்லோரும் உள்ளே போனார்கள். அவன் கதவருகே நின்று உள்ளே போகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். உள்ளே புழுக்கமாக இருந்தது, ஏசி சரியில்லை. அதனால் நான் மறுபடி உள்ளே போகவில்லை. பக்கவாட்டு வாசல் வழியாக வெளியே வந்து, பஸ் ஸ்டாண்டு வரை நடந்தேன். பிறகுதான் ஸ்கூட்டரைத் தியேட்டரிலேயே விட்டுவிட்டது ஞாபகம் வந்தது. படம் விட்ட பிறகு, கூட்டமெல்லாம் போனபின் போய் எடுத்துக்கொண்டேன்.

“முழுசாப் பாத்தீங்களா?” என்று அமுதா கேட்டாள்.

“பின்னே? அரை நாள் லீவு போட்டுட்டு மெனக்கெட்டுப் போயிருக்கேன்ல?”

அக்டோபர் 11, சனி

வீடியோவை மூன்று லட்சம் பேர் பார்த்திருக்கிறார்கள். ‘தண்ணி லாரியைக் கவிழ்த்த சார்’ என்று தலைப்பு. கீழே கருத்துகள். பலர் பாராட்டு. யாரோ ஒருவர், “செகண்ட் ஹாஃப் பாத்துட்டுப் பேசு பெருசு” என்று எழுதியிருக்கிறார். படித்தவர் மாதிரித் தெரியவில்லை.

காலைக் காட்சியை எடுத்துவிட்டு வேறு படம் போட்டுவிட்டார்களாம். தரம் இல்லாவிட்டால் அப்படித்தான்.

பரிதி வீட்டுக்கு வரவே இல்லை. நேராகச் சென்னை போய்விட்டான். இவ்வளவு தொட்டாற்சிணுங்கியாக இருப்பவர்கள் கலைத்துறைக்கு வரக்கூடாது.

அக்டோபர் 12, ஞாயிறு

அமுதாவும் தமிழரசியும் மதியக் காட்சிக்குப் போய்விட்டு சாயங்காலம் திரும்பினார்கள். தமிழரசி வாசலோடு ஆட்டோவில் போய்விட்டாள். உள்ளே வாருங்கள் என்றேன், திரும்பிப் பார்க்கவில்லை. அமுதாவின் முகம் வீங்கியிருந்தது. வீடியோ கண்ணில் பட்டிருக்கும், அந்தக் கோபம்தான் என்று புரிந்துகொண்டேன்.

காப்பி போட்டுக் கொடுத்தாள். எதிரே உட்கார்ந்தாள். வழக்கமாக உட்காரமாட்டாள்.

“அந்தப் பொண்ணு கை கழுவுற எடம் பாத்தீங்கல்ல?” என்றாள்.

இரண்டாம் பாதியில் வருவதாக இருக்கும். பார்க்கவில்லை என்று இப்போது சொன்னால் மரியாதை என்ன ஆவது?

“பாத்தேன்” என்றேன்.

“பாத்துட்டு?”

“பாத்துட்டு என்ன? ஒரு பொம்பள கை கழுவுறதக் காட்டுறதுக்கு ஒரு படம். அதுக்கு ஒரு டிக்கெட். நானா இருந்தா அத வெட்டித் தூக்கிப் போட்டிருப்பேன்.”

“உங்களுக்கு அதுல ஒண்ணுமே தோணலையா?”

“தோணாம என்ன? சிரிப்புத்தான் வந்துச்சு. எந்த வீட்டுல இப்படி நடக்கும்? சும்மா அழவைக்கிறதுக்குன்னே எழுதுறது.”

அவள் “சரி” என்று சொல்லிவிட்டு டம்ளரை எடுத்துக்கொண்டு போனாள். நான் பாதிதான் குடித்திருந்தேன்.

சமாளித்துவிட்டேன் என்றுதான் நினைக்கிறேன்.

அக்டோபர் 13, திங்கள்

ஆபீஸ் முடிந்து வந்தபோது வீடு பூட்டியிருந்தது. சாவி எதிர்வீட்டில். திருமங்கலத்துக்கு அக்கா வீட்டுக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனாளாம். எப்போது வருவாள் என்று சொல்லவில்லையாம். இரண்டு பை கொண்டுபோனாளாம். எதிர்வீட்டு அம்மாள் அந்த இரண்டு பையையும் நிறம் சொல்லி விவரித்தார்.

ஒரு விமர்சனத்துக்கு இவ்வளவா? நேர்மையாக ஒரு கருத்துச் சொன்னால் இந்த நாட்டில் குடும்பமே எதிரியாகிவிடுகிறது. போன் செய்தேன். தமிழரசி எடுத்து, “அவ தூங்குறா” என்றாள். மணி ஆறரை.

அக்டோபர் 14, செவ்வாய்

ஓட்டல் சாம்பாரில் பெருங்காயம் மட்டும்தான் இருக்கிறது. நான்காம் பாகத்தில் மனம் ஓடவில்லை. கேஸ் சிலிண்டர் வந்தது. மாற்றத் தெரியவில்லை.

அக்டோபர் 15, புதன்

சாகுல் எங்கள் அக்கவுன்டன்ட். கூச்சமில்லாமல் எல்லாப் படத்துக்கும் அழுகிறவர். மதியம் டப்பாவைத் திறந்தபடி, “சார், தண்ணி லாரி நேத்துப் பாத்தேன்” என்று ஆரம்பித்தார்.

“பாவம்” என்றேன்.

“இல்ல சார். எனக்கு ரெண்டாவது பாதி ரொம்பப் புடிச்சது. அதுல வர்ற அந்த வீட்டுக்காரரு...” நிறுத்திவிட்டார்.

“என்ன அவருக்கு?”

“ஒண்ணுமில்ல சார். பேச்சு கொஞ்சம்... கைய இப்படி வச்சுக்கிட்டுப் பேசுவாரு.” வலது கையின் இரண்டு விரலை மேசையில் தட்டிக் காட்டினார். அப்போது என் வலது கையின் இரண்டு விரல் மேசைமேல் இருந்தன. எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

“நீங்கதான் பாத்திருப்பீங்களே சார்” என்றார்.

“ஆமா, பாத்தேன்” என்றேன். எத்தனை பேரிடம் சொல்லிவிட்டேன் என்று கணக்கில்லை.

நாளையோடு படத்தை எடுத்துவிடுகிறார்களாம். ஒரே ஒரு மதியக் காட்சி.

அக்டோபர் 16, வியாழன்

மதியம் லீவு. டிக்கெட் எடுத்துவிட்டு இடைவேளை வரை வெளியே டீக்கடையில் இருந்தேன். முதல் பாதியைத்தான் பார்த்தாயிற்றே. மணி அடித்த பிறகு உள்ளே போனேன். மொத்தம் பதினான்கு பேர்.

ஒலி மோசம். மின்விசிறிச் சத்தம் வசனத்தைவிட அதிகம். லாரி ஓட்டுபவனுக்கு ஓர் அக்கா இருக்கிறாள், அவள் வீட்டில் கதை நடக்கிறது. அக்காள் கணவன் எல்லாவற்றையும் குறை சொல்கிறவன். சட்னியை, அரசாங்கத்தை, பக்கத்து வீட்டுக் கோலத்தை. தியேட்டரில் சிரித்தார்கள். அவனாக நடித்தவர் மிகையாகத்தான் நடித்திருக்கிறார்.

பழைய நினைவாக ஒரு காட்சி வருகிறது. கல்யாணமான புதிது. கணவனின் நண்பர்கள், அவர்களின் மனைவிமார், லாரிக்காரத் தம்பி என்று எல்லோரும் ஒரு படம் பார்த்துவிட்டுப் பரோட்டாக் கடைக்கு வருகிறார்கள். படம் பார்த்து அழுத முகத்தோடு இருக்கும் அந்த அக்கா, “எனக்கு ரொம்பப் புடிச்சிருந்துச்சு. எங்கம்மா ஞாபகம் வந்துருச்சு” என்கிறாள். உடனே கணவன் அவளுடைய முந்தானையை இழுத்து மூக்கைச் சிந்துவதுபோல், விக்கி விக்கி அழுவதுபோல் நடித்துக்காட்டுகிறான். மேசையே சிரிக்கிறது. தம்பியும் சிரிக்கிறான். அவளும் சிரிக்கிறாள். பிறகு எழுந்து கை கழுவப் போகிறாள். இன்னும் சாப்பாடே சொல்லவில்லை. முதுகு மட்டும் தெரிகிறது. குழாயைத் திறந்து கையைக் கழுவுகிறாள், மூடுகிறாள், திரும்பவும் திறந்து கழுவுகிறாள். பிறகு முகம். பின்னால் மேசையில் சிரிப்பு ஓயவில்லை. திரும்பி வந்து உட்கார்ந்து, “சாப்புட என்ன சொல்லலாம்? நீங்களே சொல்லுங்க, எனக்கென்ன தெரியும்” என்கிறாள். அதற்குப் பிறகு படம் முடியும்வரை அந்தப் பெண் எதைப் பற்றியும் ஒரு கருத்தும் சொல்வதில்லை.

அன்று எங்களோடு வந்தது என் நண்பன் ஞானசேகர், அவன் மனைவி, இன்னும் இரண்டு ஜோடி. பரிதி அப்போது காலேஜில் முதல் வருடம். கடை பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே. முந்தானையைப் பிடித்து நடித்துக்காட்டியது எனக்கு ஞாபகம் இருக்கிறது. நன்றாக நடித்தேன் என்றுதான் இத்தனை வருடம் ஞாபகம். குழாயடி ஞாபகம் இல்லை. நான் மேசையில் இருந்தேன், எனக்கு முதுகுப்பக்கம் நடந்தது.

படத்துக்கு முடிவு என்று ஒன்றும் இல்லை. தம்பி அக்காவிடம் என்னவோ கேட்கிறான், அவள் வாயைத் திறக்கிறாள், விளக்குப் போட்டுவிட்டார்கள். எனக்கு எழுந்திருக்கக் கொஞ்சம் நேரமானது. சுத்தம் செய்யும் அம்மாள் இரண்டு வரிசை கூட்டிவிட்டு வந்து, “சார், படம் முடிஞ்சிருச்சு” என்றார். கண்ணில் தூசி என்று சொன்னேன். அவர் கையிலிருந்த துடைப்பத்தைப் பார்த்துக்கொண்டார்.

வெளியே யாரும் மைக் நீட்டவில்லை. கடைசி நாள் படத்துக்கு யார் வந்து நிற்பார்கள்? வாசலில் தீபாவளிப் படத்தின் பேனரைக் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

பரிதிக்குப் போன் செய்தேன். எடுத்துவிட்டான்.

“மாப்ள, இன்னைக்குத்தான் பாத்தேன். ரெண்டாவது பாதி.”

“அன்னைக்குப் பாக்கலையா மாமா?” என்றான்.

“இல்ல.”

“படத்த எடுத்துட்டாங்க மாமா.”

“தெரியும். மாப்ள, நான் வந்து...”

“எங்கிட்ட வேணாம் மாமா. அன்னைக்கு நானுந்தான் சிரிச்சேன். அதச் சொல்லத்தான் இம்புட்டு வருசம் கழிச்சு ஒரு படம் எடுத்தேன். நீங்க அக்காட்டப் பேசுங்க.”

ஞாயிற்றுக்கிழமை நான் அமுதாவிடம் சொன்னதை ஒவ்வொரு வார்த்தையாக மறுபடி படித்தேன். என் கையெழுத்தில்தான் இருக்கிறது. சிரிப்புத்தான் வந்துச்சு. எந்த வீட்டுல இப்படி நடக்கும். வெட்டித் தூக்கிப் போட்டிருப்பேன். கிழித்துவிடலாமா என்று பார்த்தேன். கிழிக்கவில்லை. வெட்கமாக இருக்கிறது.

அக்டோபர் 17, வெள்ளி

பெர்மிஷன் போட்டேன். சினிமாவுக்கு இல்லை. திருமங்கலம் பஸ். பஸ்ஸில் வீடியோவில் என்னைப் பார்த்த ஒருவர் அடையாளம் கண்டுகொண்டு கைகொடுத்தார். “வச்சு செஞ்சுட்டீங்க சார்” என்றார். அடுத்த நிறுத்தத்தில் இறங்கி வேறு பஸ் ஏறினேன்.

தமிழரசி கதவைத் திறந்துவிட்டு உள்ளே போனாள். அமுதா மொட்டைமாடியில் வடகம் காயவைத்துக்கொண்டிருந்தாள். நான் போய் நின்றதும் நிமிர்ந்து பார்த்தாள். உட்காரச் சொல்லவில்லை.

“அன்னைக்கு நான் இடைவேளையோட எந்திரிச்சு வந்துட்டேன். ரெண்டாவது பாதிய நேத்துத்தான் பாத்தேன்” என்றேன். பஸ்ஸில் யோசித்து வைத்திருந்த மற்றதெல்லாம் வரவில்லை.

“அப்ப ஞாயித்துக்கெழம எங்கிட்டச் சொன்னது?”

“பாக்காமச் சொன்னது.”

அவள் வடகத்தைத் திருப்பிப் போட்டாள். “பாத்துட்டுத்தான் அப்படிச் சொல்றீங்கன்னு நெனச்சேன். நாலு நாளா சோறு எறங்கல” என்றாள்.

தப்புத்தான் என்றேன். அந்தப் பரோட்டாக் கடையையும் சேர்த்துத்தான் சொல்கிறேன் என்றேன். அதைச் சொல்லும்போது குரல் எனக்கே பிடிக்கவில்லை, மைக் முன்னால் பேசுகிற குரலாக வந்தது. நிறுத்திவிட்டு, “உனக்குப் படம் எப்படி இருந்துச்சு?” என்று கேட்டேன்.

எனக்கென்ன தெரியும் என்பாள் என்றுதான் எதிர்பார்த்தேன். அவள் கையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

“எனக்கு மொதப் பாதிதான் புடிச்சது” என்றாள்.

“மொதப் பாதியா? அதுல லாரிதான...”

“லாரி எதுக்கு ஒரே தெருவுக்கு நாலு தடவ போகுது?”

எனக்குத் தெரியவில்லை.

“அந்தத் தெருவுலதான் அவன் அக்கா வீடு. பச்சக் கதவு. நாலு தடவையும் அவ வாசல்ல நிக்கிறா. எல்லாரும் கொடத்தோட நிக்கிறாங்க, அவ கையில கொடம் இல்ல. அவன் வண்டிய மெதுவாக்கி அவளப் பாத்துட்டுப் போறான். எறங்கிப் பேச அவனுக்குத் தைரியம் இல்ல. யாருன்னு நமக்கு அப்பத் தெரியாது. ஆனா ஒருத்தி நிக்கிறது தெரியும்ல?”

பச்சைக் கதவு ஞாபகம் வரவில்லை. ஒரு மணி நேரம் கண்ணை மூடாமல் பார்த்த படம். கடிகாரத்தைப் பதினோரு முறை பார்த்தது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

“ரெண்டாவது பாதியத்தான் பாக்காமச் சொன்னீங்க” என்றாள். “மொதப் பாதிய?”

அதை அவள் கோபமாகக்கூடச் சொல்லவில்லை. பிறகு படத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம் பேசினாள். லாரிக்காரனாக நடித்தவன் நன்றாகச் செய்திருக்கிறான் என்றாள். பாட்டு வேண்டாம் என்றாள். முடிவு சரி என்றாள், நான் சரியில்லை என்று நினைத்த முடிவு. இடையில் இரண்டு முறை வாயைத் திறந்தேன், இரண்டு முறையும் மூடிக்கொண்டேன். இவளுக்கு இவ்வளவு தெரியும் என்று எனக்குத் தெரியாது.

வெயில் ஏறிவிட்டது. பதினோரு மணிக்கு ஆபீஸில் இருக்க வேண்டும்.

“எப்ப வீட்டுக்கு வர்ற?” என்றேன்.

“தெரியல. யோசிக்கணும். யோசிச்சுச் சொல்றேன்.”

“தீவாளிக்குள்ள?”

“சொல்றேன்னு சொன்னேன்ல?”

சரி என்று சொல்லிவிட்டு வந்து பஸ் ஏறினேன். இப்போது சாயங்காலம் ஏழு. போனைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன். என்ன சொல்வாள் என்று தெரியவில்லை. பயமாக இருக்கிறது.